பெரியண்ணனின் செருமல்

பெரியண்ணனுக்கு இருமல் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

முதல் டாக்டர் பாப்பிரெட்டிப்பட்டியில். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார். சளி சோதனைக்கு ஒரு டப்பா கொடுத்தார். பெரியண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் துப்பவில்லை. துப்பச் சளியும் இல்லை. இரண்டாவது டாக்டர் தருமபுரியில், காது மூக்கு தொண்டை. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எழுபத்து நாலு வயசுக்கு இவ்வளவு சுத்தமான தொண்டையைப் பார்த்ததில்லை என்றார். மூன்றாவது டாக்டர் சேலத்தில். அவர் தொண்டையைப் பார்க்கவே இல்லை. இன்று என்ன கிழமை, எத்தனை பிள்ளைகள், நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டார். பெரியண்ணன் எல்லாக் கேள்விக்கும் மரியாதையாகச் சிரித்தார்.

"மறதி நோய்தான்," என்றார் அந்த டாக்டர் மாதவராஜிடம். "இந்தச் சத்தமும் அதுல சேர்ந்ததுதான். சிலர் பாடுவாங்க, சிலர் திட்டுவாங்க. சிலர் ஒரே வார்த்தைய நாள் பூரா சொல்லிட்டிருப்பாங்க. உங்கப்பா செருமறாரு. காரணம் தேடிட்டு இருக்காதீங்க."

காரணம் தேட வேண்டாம் என்றது மாதவராஜுக்கு வசதியாக இருந்தது. அவன் எதற்கும் காரணம் தேடுவதை விட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். மனைவி சோபனா டெங்குக் காய்ச்சலில் ஐந்தாம் நாள் இறந்துபோனாள். பிள்ளை இல்லை. அம்மா அவன் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் அவனும் அப்பாவும்தான்.

சத்தம் பெரிய சத்தம் இல்லை. தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல ஒரு "க்கும்." பிறகு கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இன்னொன்று. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை. வாசற்படியில் நின்று ஒன்று, கூடத்தில் நின்று ஒன்று, சமையலறை நிலைக்கு முன்னால் நின்று பத்து, இருபது. நிற்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். பார்வை தரையில் இருக்கும். பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் கூவுவதைப்போல அதுவும் ஒரு சத்தம் என்று விட்டுவிடலாம். ஆனால் குக்கரை இறக்கி வைத்துவிடுவார்கள்.

"என் சம்சாரம் இருந்தவரைக்கும் இது இல்லீங்க," என்று மாதவராஜ் மூன்று டாக்டர்களிடமும் சொல்லியிருந்தான். அப்படித்தான் அவன் நம்பினான்.

தொல்லை சத்தத்தோடு நிற்கவில்லை. அந்த வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டில். சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியண்ணன் சமையலறை வாசல்வரை வருவார், செருமுவார், நிற்பார். நின்றபடியே வேட்டி நனைந்துவிடும். வழி மறந்துவிட்டது என்று மாதவராஜ் முடிவுகட்டினான். டாக்டரும் அதையே சொன்னார், படம் ஒட்டி வைக்கச் சொன்னார். பள்ளியில் கலரில் பிரிண்ட் எடுத்துவந்து கழிப்பறைப் படம் ஒன்றைச் சமையலறை நிலையில் ஒட்டினான். கீழே சிவப்பு டேப்பில் ஓர் அம்புக்குறி. பெரியண்ணன் அந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்று செருமினார்.

காலையில் முனியம்மாள் சமைக்க வருவாள். அதே தெருக்காரி, அறுபது வயது, பெரியண்ணனுக்குத் தங்கை முறை. ஆறரைக்கு உள்ளே வந்தால் ஒன்பதுக்கு வெளியே போகும்வரை அவள் வாய் மூடாது.

"என்னாண்ணா, தொண்டையில என்னா மோட்டாரா ஓடுது? தண்ணி வருதா காத்து வருதா? வா வா, வந்து குளி. சுடுதண்ணி ஊத்தி வெச்சிருக்கறன். உன் மவன் எழுந்தானா இன்னும் போனத் தடவிக்கிட்டு கெடக்கறானா?"

பெரியண்ணன் சிரித்தபடி உள்ளே போவார், குளிப்பார், சாப்பிடுவார். முனியம்மாள் இருக்கும்போது ஒருநாளும் வேட்டி நனைந்ததில்லை. மாதவராஜ் அதைக் கவனித்தான். அப்பாவுக்குக் காலையில் நினைவு கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று டைரியில் குறித்தும் வைத்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஆய்வு. மதியம் வந்து பார்த்துப் போக முடியவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியை நிறுத்தும்போது எதிர்வீட்டுக் குமார் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சார், பெரிப்பா காலையிலருந்து வெளியதான் நிக்கறாருங்க. கனைச்சிக்கிட்டே இருந்தாரு. நான் ரெண்டு தடவ வந்து கேட்டன், என்னா வேணும்னு. வாயில வெரல வெச்சு உஸ்ஸுங்கறாரு. செத்த நேரம் காதக் குடுத்து உள்ள கேக்கறாரு. மறுக்காவும் கனைக்கறாரு. தண்ணி குடுத்தன், வாங்க மாட்டேன்னுட்டாரு."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசற்படிக்கு வெளியே பெரியண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சமையலறையில் முனியம்மாள் மூடிவைத்துப் போன தட்டு அப்படியே இருந்தது. தண்ணீர்ச் சொம்பும் அப்படியே.

மாதவராஜ் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். வரவில்லை. கரும்புக் கட்டு தூக்கிய கை, நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"க்கும்," என்றார் பெரியண்ணன்.

"உள்ள யாருப்பா இருக்கா? எதுக்கு நிக்கறீங்க? யாருமே இல்ல. கண்ணத் தொறந்து பாருங்க. யாருமே இல்ல இந்த வூட்ல. யாருமே இல்ல."

எத்தனை முறை சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உள்ளே கொண்டுவந்தான். ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கூடத்தைக் கடந்து சமையலறை வழியாகக் குளியலறைக்குப் போகும்வரை பெரியண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை. இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வந்தார். அடம் என்று நினைத்தான் மாதவராஜ்.

அன்றைக்கே ஓசூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தான். மணிமேகலை சேலம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? எனக்கும் மாமியாரு மாமனாருன்னு ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. நீ வேலைக்குப் போவியா, அவரக் காவ காப்பியா? உனக்கும் ஒரு வழி பாக்கணுமில்ல. இப்படி ஒருத்தரு கனைச்சிக்கிட்டே நிக்கற வூட்டுக்கு எவ வந்து குடித்தனம் பண்ணுவா?"

மறு ஞாயிற்றுக்கிழமை பொம்மிடியில் ரயில் ஏறி அப்பாவைச் சேலத்தில் விட்டு வந்தான். இல்லம் சுத்தமாக இருந்தது. மரங்கள் இருந்தன. ஒரே நீளக் கூடம், பன்னிரண்டு கட்டில், எல்லாம் ஆண்கள். பார்த்துக்கொள்ளும் தமிழ்ச்செல்வன் நல்லவனாகத் தெரிந்தான். பெயர்ந்த நகத்தைப் பார்த்ததும் மருந்து எடுத்து வந்தான்.

வீடு அமைதியானது. மாதவராஜ் நன்றாகத் தூங்கினான். பின்னால் அவனை அதிகம் உறுத்தியது அந்தத் தூக்கம்தான்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சுசித்ரா வந்தாள். சோபனாவின் தங்கை. பெங்களூரில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிப்பதற்கு முன்பே மாமாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். அக்கா இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இருங்க மாமா, நானே டீ போடறேன்," என்று சமையலறைக்குள் போனாள்.

"இது என்னா மாமா, பள்ளிக்கூடம் மாதிரி படமெல்லாம் ஒட்டியிருக்கு?"

சொன்னான். வழி மறந்தது, வேட்டி நனைந்தது, நாள் முழுக்க வாசலில் நின்றது. இப்போது சேலத்தில் இருப்பது.

"செருமிச் செருமி நின்னுட்டாரு சுசி. உள்ள வரத் தெரியல. எத்தனையோ டாக்டர் பாத்தாச்சு."

சுசித்ரா டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"அது அக்காவுக்குத்தான மாமா."

"எது?"

"அந்தச் செருமல். அக்கா உள்ள இருக்குதான்னு கேக்கறது. உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள், முதலில் சிரிப்பாகத்தான்.

கல்யாணமான முதல் மாதம். மாதவராஜ் பள்ளிக்குப் போயிருந்தான். சோபனா பின்கட்டில் குளித்துவிட்டுப் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்திருக்கிறாள். பெரியண்ணன் காட்டு வேலையிலிருந்து தண்ணீர் குடிக்க நேரே உள்ளே வந்துவிட்டார். மனைவி போன பிறகு பெண்கள் இல்லாத வீடாக இருந்தது அது. பழக்கத்தில் வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பெரியண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மதியம் வாசற்படிக்கு வெளியே நின்று முதல் தடவையாகச் செருமினார்.

"அக்காவும் உள்ளருந்து கொரல் குடுத்துச்சாம். அதுக்கப்புறம் தெனமும் அப்படித்தான். மத்தியானம் சோத்துக்கு வருவாரில்ல, அந்த நேரத்துலதான் நான் ஆபீஸ்லருந்து அக்காவுக்குப் போன் பண்ணுவேன். பேசிட்டே இருக்கறப்ப அந்தச் சத்தம் எனக்கே கேக்கும். 'இருடி, வந்துட்டாரு'ன்னு சொல்லிட்டு, 'வரலாங்க'ன்னு ஒரு கொரல் குடுக்கும். அப்புறமாத்தான் வருவாரு. ஒரு நாளு வேணும்னே பதில் சொல்லாம இருந்துச்சாம். வெளையாட்டுக்கு. வெயில்ல கால் மணி நேரம் நின்னாராம் மாமா. அக்காவுக்கே அழுவ வந்துருச்சாம். போன்ல என்கிட்டச் சொல்லி அழுதுச்சு."

"எப்படிச் சொல்லுவா?"

"என்னது?"

"அந்த வார்த்தை."

சுசித்ரா டப்பாவைக் கீழே வைத்தாள். "வரலாங்க," என்றாள், கடைசியைக் கொஞ்சம் நீட்டி.

எட்டு வருடம் கூடவே வாழ்ந்தவளின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பள்ளி விட்டு வருவதற்குள் அப்பாவின் சாப்பாடு முடிந்துவிடும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா வாசலிலேயே சாப்பிட்டுக்கொள்வார், அவன்தான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பான். குளியலும் மற்றதும் அப்போதெல்லாம் அவருக்குக் காட்டுக் கிணற்றடியில்தான். மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சே இல்லை என்று அவன் வருத்தப்பட்டதும் உண்டு. ஒருமுறை சோபனாவிடம், "எங்கப்பாவோட நாலு வார்த்தை பேசினா என்ன?" என்று சண்டையும் போட்டிருக்கிறான். ஒரு செருமலுக்கு ஒரு வார்த்தை என்று அவர்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பதில் வந்துகொண்டிருந்தவரை ஒரு செருமல் போதுமாக இருந்தது. பதில் நின்ற பிறகுதான் அது பத்தாகி, நூறாகி, நோயாகி, மூன்று டாக்டர்களிடம் போனது. பிள்ளைகள் பெயர், கிழமை, மனைவி செத்தது, மருமகள் செத்தது எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோன மனிதருக்கு, உள்ளே ஒரு பெண் இருப்பாள், கேட்காமல் போகக் கூடாது என்பது மட்டும் உதிரவில்லை. வேட்டி நனைந்தாலும் போகக் கூடாது. தாகத்தில் உதடு வெடித்தாலும் போகக் கூடாது. இழுத்துக்கொண்டு போனால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"மாமா, நான் வேணா நாளைக்கு இருந்து சொல்லட்டுமா?" என்றாள் சுசித்ரா.

அவள் குரல் அக்காவின் குரலாகவே இருந்தது. அதனாலேயே வேண்டாம் என்றான். ஒருநாள் சொல்லிவிட்டு அவள் பெங்களூர் போய்விடுவாள். மறுநாள் அப்பா மறுபடியும் நிற்பார். தினமும் சொல்லக்கூடிய ஆள் வேண்டும்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே முனியம்மாள் வீட்டுக்குப் போனான்.

"அடப் பாவி," என்றாள் முனியம்மாள் கேட்டு முடித்ததும். அவனைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. "நம்ம ஊர்ல பெரிய ஆம்பளைங்க எல்லாந்தான் செருமிட்டு உள்ள வருவாங்க. என் மாமனாரு வந்தா தெருமொனையிலருந்தே கேக்கும். இதுகூடவா எனக்குத் தட்டல? நாந்தான் பேசிக்கிட்டே கெடக்கறனே. அவரு என்னாத்தக் கேக்கறாருன்னு எங்க காதுல வுழுவுது."

"நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வர்றேன் அத்தை. நீங்க சமையல் ரூம்ல இருங்க. பேசாம இருக்கணும். அவரு செருமினதும் மட்டும் சொல்லணும்."

"பேசாம இருக்கணுமா?" முனியம்மாள் நிஜமாகவே மலைத்தாள். "சரி, இருக்கறன். வரலாங்க. இப்படியா?"

"கொஞ்சம் மெதுவா."

"என் தொண்ட ஒடஞ்ச தவல மாதிரி இருக்குதேப்பா. அந்தப் புள்ள கொரலு எனக்கு எங்க வரும்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "வரலாங்க." மூன்றாவது தடவை ஓரளவு சரியாக வந்தது. ஒன்பதுக்கே வீட்டுக்குப் போவதில்லை, இனி மதியச் சாப்பாடு முடியும்வரை இருந்துவிடுகிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

ஞாயிறு காலை ரயிலில் போகும்போது மாதவராஜுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. சேலத்தில் இறங்கி நாலு இட்லி சாப்பிட்டான்.

தமிழ்ச்செல்வன் கூடத்து வாசலில் எதிரே வந்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"ஐயா சூப்பரா இருக்காருங்க சார். அந்தக் கனைப்பு மொதல் பத்து நாள்தான். இங்கதான் கதவே கெடையாதே. பாத்ரூமுக்குப் போறப்பல்லாம் நான் கையப் புடிச்சு, 'யாருமில்ல தாத்தா, வாங்க'ன்னு கூட்டிட்டுப் போவேன். ரெண்டு வாரத்துல பழகிட்டாரு. இப்ப நான்கூட வேணாம், அவரே போய்ட்டு வந்துடறாரு. சுத்தமா சத்தமே இல்ல."

மாதவராஜ் கட்டிலைப் பார்த்தான். பெரியண்ணன் மொட்டை அடித்த தலையோடு, சுத்தமான வேட்டியில் உட்கார்ந்திருந்தார். நகம் புதிதாக முளைத்திருந்தது.

புது இடம், அதனால் நின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சொந்த வாசலைப் பார்த்தால் திரும்பி வந்துவிடும். ரயிலில் அப்பாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வழி நெடுக அவர் ஒரு சத்தமும் போடவில்லை. பொம்மிடியில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். வீட்டு முன்னால் ஆட்டோ நின்றபோது மணி ஒன்று. சாப்பாட்டு நேரம்.

உள்ளே ஓசை இல்லை. முனியம்மாள் சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மாதவராஜ் அப்பாவின் கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். பெரியண்ணன் வாசற்படி அருகே போனார். ஒரு நொடி கால் நின்றதாகத்தான் மாதவராஜுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றத்தான் நின்றிருக்கிறார். கழற்றிவிட்டு உள்ளே போனார். கூடத்தைக் கடந்தார். சமையலறை நிலையைத் தாண்டினார். பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சமையலறை நடுவில், அடுப்புக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சோபனா வந்த பிறகு அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

"சோறு," என்றார்.

முனியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மாதவராஜைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பெரியண்ணன் முன்னால் வைத்தாள். கீழே உட்கார்ந்து மெதுவாகப் பேசத் தொடங்கினாள். மழை இல்லாதது, மரவள்ளி விலை, குமார் டிராக்டரை வேலியில் ஏற்றியது. பெரியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மாதவராஜ் துணிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே நின்றான். இந்த வீட்டில் சோபனா இன்னும் உள்ளே இருக்கிறாள் என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான். யாருமே இல்லை, யாருமே இல்லை என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவன் அவன். தமிழ்ச்செல்வன் அதை நல்லபடியாக முடித்து வைத்தான்.

சாயங்காலம் மணிமேகலை போன் செய்து, அப்பாவுக்குக் குணமாகிவிட்டதாமே என்று சந்தோஷப்பட்டாள். அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சையும் எடுத்தாள். பிறகு பார்க்கலாம் அக்கா என்று வைத்தான். வைத்ததும் சுசித்ரா கூப்பிட்டாள்.

"மாமா, கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"ம்."

"அந்த அம்மா சொன்னாங்களா? அக்கா சொல்ற மாதிரியே?"

பெரியண்ணன் கூடத்தில் உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதவராஜ் போனோடு வெளியே வந்தான்.

"நல்லாச் சொன்னாங்க சுசி."

"சொன்னதும் உள்ள வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். "எனக்குத் தெரியும் மாமா. அவருக்கு அக்கான்னா அவ்ளோ மரியாதை. நீங்க வேணா பாருங்க, இனிமே தெனமும் ஒழுங்காச் சாப்பிடுவாரு. அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, ஒரு நாளும் சொல்லாம வுட்ற வேணாம்னு."

"சொல்றேன்," என்றான் மாதவராஜ்.